இரண்டு பேருக்குப் போதும்

எங்கள் வீட்டுப் பொயிலர் செத்துப்போன காலையில் என் கணவர் அரைக் குளிப்பில் இருந்தார். குளித்துக்கொண்டிருந்தார் என்று எழுதினால் அது பொய். நான்தான் அவருக்குக் குளிக்க வார்த்துக்கொண்டிருந்தேன். தலைக்குச் சவர்க்காரம் போட்டு, நுரை கண்ணுக்குள் இறங்காமல் நெற்றியில் ஒரு கையை வைத்துக்கொண்டு மற்றக் கையால் தண்ணீரைத் திறந்தேன். பச்சைத் தண்ணீர் வந்தது. மனிதர் போட்ட சத்தத்தில் ஷவர்க் கைக்குழாயை நழுவ விட்டுவிட்டேன். அது நெளிந்து நெளிந்து சுவரையும் கண்ணாடியையும் என்னையும் சேர்த்து நனைத்தது.

கீழே கெல்லருக்கு ஓடினேன். நிலத்துக்குக் கீழே இருக்கிற அந்த அறையில், நாங்கள் ஜேர்மனியில் இந்த வீட்டை வாங்கிய நாளிலேயே கிழடாக இருந்த எண்ணெய்ப் பொயிலர் ஒன்று நின்றது. இரவு பகலாக முனகிக்கொண்டிருக்கும். அன்று முனகல் இல்லை, ஒரு சிவப்பு விளக்கு மட்டும் எரிந்தது. தட்டிப் பார்த்தேன். பிறகு அடித்தும் பார்த்தேன். மாதாவே என்று கூப்பிட்டும் பார்த்தேன். இரும்புக்கு என் டொச்சும் விளங்கவில்லை, தமிழும் விளங்கவில்லை.

யானை அசைந்து தின்னும், வீடு அசையாமல் தின்னும் என்று சொல்லுவார்கள். வீடு வாங்கிய பிறகு அந்தப் பழமொழியை நான் பகிடியாகச் சொல்லுவதை விட்டுவிட்டேன். கூரை தின்றது, யன்னல் தின்றது, இப்போது பொயிலர் வாயைத் திறந்திருந்தது. ஆனாலும் அன்று எனக்கு வந்த பயம் காசைப் பற்றியதல்ல.

என் கணவருக்குப் பாரிசவாதம் வந்து இடது பக்கம் இழுத்துக்கொண்டது. பேச்சு திரும்பி வந்தது, கொஞ்சம் மெதுவாக. கையும் காலும் முழுதாகத் திரும்பவில்லை. காலையில் எழும்பும்போது அந்தப் பக்கம் பலகை மாதிரி இறுகிப்போய் இருக்கும். சட்டைக் கைக்குள் அந்தக் கையை நுழைக்கவே ஏலாது. நல்ல சூட்டுத் தண்ணீரைத் தோளிலும் துடையிலும் அரை மணித்தியாலம் விடாமல் ஓடவிட்டால் இறுக்கம் இளகும். அதற்குப் பிறகு சட்டை போடுவார், தடியைப் பிடித்துக்கொண்டு தானே மேசைக்கு வருவார், தானே சாப்பிடுவார், செய்தி பார்த்து அரசாங்கத்தைத் திட்டுவார். அந்த அரை மணித்தியாலம் இல்லாவிட்டால் அன்று முழுக்கக் கட்டிலில்தான். சுடுதண்ணீர் எங்களுக்குச் சொகுசு இல்லை. அவருடைய நாள் நடக்கிறதா இல்லையா என்பதே அதில்தான் இருந்தது.

இன்னொரு விஷயம், நான் அவருக்குக் குளிக்க வார்ப்பது எங்கள் இரண்டு பேரையும் தவிர உலகத்தில் ஒருவருக்கும் தெரியாது. டுசல்டோர்ஃபில் வேலை செய்கிற மகளுக்குக்கூட, அப்பா குளியலறையில் முக்காலி போட்டு இருந்து தானே குளிக்கிறார் என்றுதான் சொல்லியிருந்தோம். சொல்லியிருந்தோம் என்ன, அவர் சொன்னார், நான் வாயை மூடிக்கொண்டிருந்தேன். பராமரிப்புச் சேவையில் இருந்து ஆட்கள் வீட்டுக்கு வந்து செய்வார்கள் என்று வைத்தியசாலையில் சொன்னபோது, வேறொருவரின் கை தன்னில் படக்கூடாது என்று ஒரே பிடியாக நின்றுவிட்டார்.

அன்று சவர்க்காரத்தோடு இருந்தவரை கேத்திலில் தண்ணீர் சுடவைத்துக் கழுவி எடுத்தேன். அடுத்த நாளில் இருந்து கொண்டாட்டத்துக்குப் புரியாணி போடுகிற கிடாரத்தை அடுப்பில் ஏற்றினேன். குசினி கீழே, குளியலறை மேலே. வாளியோடு படியேறி இறங்கி என் முழங்கால் என்னைக் கேள்வி கேட்கத் தொடங்கிவிட்டது. அவர் முக்காலியில் இருந்தபடி, "மெதுவா வாரும், விழுந்திடாதையும்" என்பார். நான் விழுந்தால் இந்த வீட்டில் யார் யாரைத் தூக்குவது என்று நினைத்துக்கொள்வேன்.

அந்த வாரம் தேவாலயத்தில் தமிழ்ப் பூசை இருந்தது. பூசை முடிந்து வெளியே நிற்கும்போது பொயிலர் பழுதாய்ப்போன கதையை வாய்தவறிச் சொல்லிவிட்டேன். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த ஆண்டி நான்தான். பாட்டுக்குழுவில் ஆர்மோனியம் வாசிக்கிற அண்ணை உடனே தொடங்கினார். "தங்கச்சி, காஸைப் போடுங்கோ. திறந்தால் சுடுதண்ணி. வேற கதையே இல்லை."

அவருடைய மனைவி விடவில்லை. "இவரின்ர கதையைக் கேளாதேங்கோ. காஸ் விலை ஏறப்போகுதாம். சட்டமும் இனி விடாதாம்."

"அந்தச் சட்டத்தைத்தான் மாத்தப்போறாங்களே."

"மாத்திறதெண்டால் எப்ப?"

"அதுக்கும் ஒரு சட்டம் வரவேணும்."

இரண்டு பேரும் என்னை விட்டுவிட்டுத் தங்களுக்குள் சண்டை பிடிக்கத் தொடங்கினார்கள். எனக்கு யார் சொல்வதும் சரி போலவும் இருந்தது, பிழை போலவும் இருந்தது. நான் ஒரு பள்ளிக்கூடத்துக் குசினியில் வேலை செய்கிறவள். நூறு பிள்ளைக்கு எவ்வளவு உருளைக்கிழங்கு வேண்டும் என்று கேட்டால் நித்திரையிலும் சொல்லுவேன். இது என் படிப்புக்கு மேலே.

மகள் ரெலிபோனில் கதைத்தாள். அவள் ஒரு சோடி செருப்பு வாங்குவதென்றாலும் ஒரு கிழமை ஒப்பிட்டுப் பார்ப்பவள். "அம்மா, நான் எல்லாம் பாத்திட்டன். வேர்மபும்பதான் சரி. வெளியில ஒரு பெட்டி நிக்கும். அது காத்தில இருந்து சூட்டை எடுத்து உள்ளுக்குத் தரும்."

"தை மாசக் காத்தில இருந்தோ?"

"ஓம் அம்மா."

"எங்களுக்கே இஞ்ச சூடில்லை. காத்துக்கு எங்கால சூடு?"

அவள் சிரித்தாள். அரசாங்கம் உதவித்தொகை தரும், அண்ணையின் பேச்சைக் கேட்கவேண்டாம், ஆள் வந்து பார்க்க நாள் குறித்து டெர்மின் எடுத்துவிட்டேன் என்றாள். எல்லாம் முடிந்த பிறகுதான் என்னிடம் கேட்பாள். கெட்டிக்காரப் பிள்ளைகளைப் பெற்றால் இதுதான் கரைச்சல்.

டெர்மினுக்கு வந்தவர் வாசல் நிலையில் தலை முட்டுகிற உயரம். பழைய சப்பாத்துக்கு மேலே நீல உறை போட்டுக்கொண்டு உள்ளே வந்தார். அவர் வருவதற்கு முன்பே நான் கிடாரத்துத் தண்ணீரில் கணவரைக் குளிக்க வார்த்து, இஸ்திரி போட்ட சட்டை மாட்டி, மேசையில் இருத்திவிட்டேன். இடது கையை மேசைக்குக் கீழே வலது கையால் பிடித்து வைத்திருந்தார். அப்படிப் பார்த்தால் ஒன்றும் தெரியாது, ஒரு பென்சன்காரர் கதிரையில் இருக்கிறார், அவ்வளவுதான்.

ஆட்களோடு டொச்சில் பேசுவது எப்போதுமே அவருடைய பகுதி. நாங்கள் வந்த காலத்தில் அகதி வீட்டில் அரைவாசிப் பேருக்கு அவர்தான் வாய். யாருக்கு டெர்மின் என்றாலும், யாருடைய பிள்ளைக்குக் காய்ச்சல் என்றாலும், இவரைத்தான் தட்டி எழுப்புவார்கள். வேலை போய், கார் ஓட்டுவது போய், எல்லாம் போன பிறகு அந்த ஒன்றுதான் அவர் கையில் மிச்சம் இருந்தது. அதனால் நான் கோப்பியை வைத்துவிட்டு ஓரமாக நின்றேன்.

வந்தவர் நல்ல மனிதர். கெல்லரை அளந்துவிட்டு வந்து பொறுமையாக விளங்கப்படுத்தினார். காஸ் பொயிலர் என்றால் அது பெரிய நெருப்பில் வைத்த சட்டி, தண்ணீர் கெதியாகச் சுடும். வேர்மபும்ப மெல்லிய நெருப்பு. ஆறுதலாக, மெல்ல மெல்லத்தான் சூடாக்கும். ஆகையால் சுடுதண்ணீரை முதலே தாங்கியில் நிரப்பி வைத்திருக்க வேண்டும். தாங்கி சிறிதாகிவிட்டால் நடுவில் தீர்ந்துபோகும், மறுபடி சூடாக நேரம் எடுக்கும். அதனால்தான் சரியாகச் சொல்லவேண்டும் என்றார்.

இரண்டு தாங்கிகளின் படத்தைக் காட்டினார். ஒன்று என் நெஞ்சு உயரம். மற்றது அவர் உயரம், பருமனும் கூட. பெரியதை வைப்பதென்றால் கெல்லர் மூலையில் நிற்கிற ஆழ்குளிர்ப் பெட்டியை எடுக்கவேண்டும். கணவாய், நண்டு, முருங்கைக்காய், இரண்டு ஆட்டுத் துடை என்று எங்கள் மானமெல்லாம் அந்தப் பெட்டிக்குள்தான் இருந்தது. எடுத்து எறியுங்கோ என்று என் தொண்டைவரை வந்தது.

"வீட்டில் எத்தனை பேர்? குளியல் தொட்டியா, ஷவரா? நீண்ட நேரம் தண்ணீர் திறப்பீர்களா?" என்று அவர் கேட்டார்.

என் கணவர் முதுகை நிமிர்த்தினார். அழகான டொச்சில், ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்துச் சொன்னார். "இரண்டு பேர். ஷவர்தான். சுருக்கமாகக் குளிப்போம். சிறியது போதும்."

எங்கள் சனத்தில் ஒருவர் முதல் தடவை சொல்லுகிற 'போதும்' ஒரு போதுமே இல்லை. வீட்டுக்கு வருகிறவரிடம் சாப்பிடச் சொன்னால் வேண்டாம் என்பார். இன்னொரு தடவை கேட்கவேண்டும். பசியில்லை என்பார். மூன்றாம் தடவை கையைப் பிடித்து இழுத்தால் வந்து இருந்து இரண்டு கோப்பை சோறு சாப்பிடுவார். கேட்கிறவருக்கும் தெரியும், மறுக்கிறவருக்கும் தெரியும். மரியாதை அப்படித்தான் நடக்கும். என் கணவர் போதும் என்றதும் நான் பதறவில்லை. வந்தவர் இன்னொரு தடவை கேட்பார், அப்போது நான் மெல்ல, சிரித்துக்கொண்டே, "பெரிசே நல்லம், பிள்ளைகள் வந்து நிக்கிறவை" என்று இடையில் விழுவேன் என்று வார்த்தைகளை டொச்சில் அடுக்கிக்கொண்டு நின்றேன். கணவர் போதும் என்ற கையோடு, வெளியாள் ஒருவர் முன்னால், இல்லை போதாது என்று வெட்டிப் பேச என்னால் முடியாது. இரண்டாம் கேள்விக்குள் நுழைந்தால் அது வெட்டுவதாகத் தெரியாது.

அந்த மனிதர் தலையாட்டினார். "நல்லது, சிறியது" என்றார். குறித்துக்கொண்டார். கோப்பியைக் குடித்து முடித்தார், நன்றி சொன்னார், நீல உறைகளைக் கழற்றிச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

இந்த நாட்டில் ஒருதரம் கேட்பார்கள். நீ சொன்னதுதான் உன் பதில். எத்தனை வருடம் இங்கே இருந்தும், அது எனக்குத் தெரிந்திருந்தும், அந்த நேரத்தில் நான் இரண்டாம் கேள்விக்காகக் காத்துக்கொண்டு நின்றேன். அடுக்கி வைத்த டொச் என் வாய்க்குள்ளேயே கிடந்தது.

கதவு சாத்தியதும் சண்டை தொடங்கியது. "ஏன் அப்பிடிச் சொன்னீங்கள்?"

"வேற என்னத்தைச் சொல்லுறது? என்ர மனுசி என்னைக் கழுவித் துடைக்கிறா எண்டோ?"

"ஓம். அப்பிடித்தான்."

"அவன் ஆர் எனக்கு?"

"ஒருத்தரும் இல்லை. அதாலதான் சொல்லலாம். அவன் என்ன எங்கட பூசைக்கோ வரப்போறான்?"

அவர் யன்னல் பக்கம் திரும்பிவிட்டார். மேசைக்குக் கீழே அவர் கை இன்னும் மற்றக் கையைப் பிடித்தபடியே இருந்தது. எனக்கு வந்த கோபம் அதைப் பார்த்ததும் எங்கே போனதென்று தெரியவில்லை. கோபம் இருந்தால் ஏதாவது செய்யலாம். அது போனபின் வெறும் கையோடு நின்றேன்.

அடுத்த நாள் வேலை இடத்தில் இருந்து கொம்பனிக்கு ரெலிபோன் எடுத்தேன். பிள்ளைகளோடு பேசுகிற என் டொச் கரண்டிக்கும் தட்டுக்கும் போதும். எடுத்த பெண் மழை மாதிரிப் பேசினாள். பெரிய தாங்கி வேண்டும் என்றேன். ஏன் என்றாள். இரண்டு பேர்தானே என்றாள். உங்கள் கணவர் பெயரில்தான் இருக்கிறது, அவரோடு கதைத்து உறுதிப்படுத்தட்டுமா என்றாள். அவர் காதுக்குப் போனால் என்ன நடக்கும் என்று நினைத்ததும், "நைன், நைன், வேண்டாம், எல்லாம் நல்லம்" என்று வைத்துவிட்டேன். மகளிடமும் ஒரு சாட்டுக்குக் கேட்டுப்பார்த்தேன்.

"ரெண்டு பேருக்கு அது தாராளம் அம்மா. ஏன், தொட்டியில மீன் வளர்க்கப் போறீங்களே?"

நானும் சிரித்தேன். அழுத பிள்ளைதான் பால் குடிக்கும். எனக்கு அழவும் அனுமதி இல்லை.

வேர்மபும்ப வந்தது. பின்முற்றத்தில் பெட்டி நின்றது, கெல்லரில் வெள்ளையாக, துப்புரவாக, சிறிய தாங்கி நின்றது. ஆழ்குளிர்ப் பெட்டி அசையாமல் தன் மூலையிலேயே இருந்தது. வீடு நன்றாகத்தான் சூடாகியது, அதைக் குறை சொல்லக்கூடாது. முதல் நாள் குளிக்க வார்த்தபோது தோளுக்கும் முதுகுக்கும் நல்ல சூடு. காலுக்கு வரும்போது வெதுவெதுப்பு. பிறகு அதுவும் இல்லை. அவர் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தார். நானே தாங்கியைத் திட்டினேன், அதைச் செய்தவனைத் திட்டினேன், டொச்சுக்காரன் செய்த சாமான் இப்படியா என்றேன். அவர் சொன்ன 'சிறியது போதும்' என்பதை மட்டும் நான் தொடவில்லை. அவருக்கும் அது தெரியும்.

கேத்திலும் வாளியும் திரும்ப வந்தன. அவரை ஈரத்தோடு முக்காலியில் விட்டுவிட்டுக் கீழே ஓடி, மேலே ஓடி. அவர் நடுங்கிக்கொண்டிருப்பார். சில நாளில், "போதும், துடையும்" என்று பாதியிலேயே நிறுத்தினார். பிறகு, "இண்டைக்கு வேண்டாம், நாளைக்குப் பாப்பம்" என்றார். நாளைக்கும் அதையே சொன்னார். கை மறுபடி இறுகத் தொடங்கியது. சட்டைக் கையை அவிழ்த்துத் தைத்து அகலமாக்கினேன். அதைப் பார்த்துவிட்டு, "பெரிய தையற்காரி" என்று பகிடி விட்டார். நான் குசினிக்குள் போய் அழுதேன். முன்னால் இருக்கிற மனிதருக்கு வேண்டியது சூடான தண்ணீர். அதைக்கூடக் கொடுக்க முடியாத மனைவியாக இருந்தேன்.

கடைசியில் எனக்குத் தெரிந்த இரண்டு சொல்லை வைத்துக்கொண்டு மறுபடி ரெலிபோன் எடுத்தேன். தண்ணீர், குளிர். அது அவர்களுக்கு விளங்கியது. வந்து பார்க்கிறோம் என்று காலையில் ஒரு டெர்மின் தந்தார்கள். கணவருக்குச் சொன்னேன். "அப்ப வெள்ளனக் குளிக்க வார்த்துவிடும். அவன் வரேக்கை நான் உடுப்போட இருக்கவேணும்" என்றார்.

அதற்காக அன்று வழக்கத்துக்கு முன்பே தொடங்கினோம். தாங்கி இன்னும் முழுதாகச் சூடாகியிருக்கவில்லை. சவர்க்காரம் போட்டுக் கொஞ்சத்திலேயே தண்ணீர் குளிர்ந்துவிட்டது. "அசையாமல் இருங்கோ" என்றுவிட்டு வாளி எடுக்கக் கீழே போனேன். கேத்தில் கொதிக்கிற சத்தத்தில் மேலே நடந்தது எனக்குக் கேட்கவில்லை. திரும்பி வந்தபோது அவர் நிலத்தில் கிடந்தார். துவாய் கொழுவியிருந்த கம்பியைப் பிடித்து எழும்பப் பார்த்திருக்கிறார். நேரம் போகுது, அதுதான் நானே துடைப்பம் எண்டு பாத்தன் என்றார். எலும்பு முறியவில்லை. ஆனால் சவர்க்காரம் வழுக்குகிற உடம்பு, பலகையாக இறுகிய ஒரு பக்கம், குளிர்ந்த ஓடு. அக்குளில் கையைக் கொடுத்துத் தூக்கினேன். ஒரு சாண் எழும்பினார். இரண்டு பேரும் சேர்ந்து விழுந்தோம். திரும்பத் தூக்கினேன். ஏலவில்லை. கால்மாட்டில் நின்று இழுத்தேன், தலைமாட்டில் இருந்து தள்ளினேன். யேசுவே என்று கத்தினேன். ஒரு கல்யாணத்துக்குச் சமைக்கிற சட்டியைத் தூக்குகிற இந்தக் கைகளால் என் மனிதரைத் தூக்க முடியவில்லை.

"பக்கத்து வீட்டைக் கூப்பிடட்டோ?"

"ஒருத்தரையும் கூப்பிடாதையும்."

"அப்ப நான் என்ன செய்ய?"

அவருடைய உதடு நீலமாகிக்கொண்டு வந்தது. என் உடுப்பைக் கழற்றி அவர் மேல் போட்டேன், துவாய் போட்டேன், பக்கத்தில் படுத்து அணைத்துக்கொண்டேன். அப்போது வாசல் மணி அடித்தது. டெர்மினுக்குச் சொன்ன நேரத்துக்கு முன்பே வந்திருக்கிறார்கள்.

அவர் என்னைப் பார்த்தார். திறக்காதே என்று அந்தப் பார்வை சொன்னது. என்னை மன்னித்துக்கொள்ளட்டும், நான் ஒரு மேலங்கியைச் சுற்றிக்கொண்டு ஓடிப்போய்த் திறந்தேன். அதே உயரமான மனிதர்தான். எனக்கு ஒரு டொச் சொல்லும் வரவில்லை. கையைப் பிடித்து மேலே இழுத்துக்கொண்டு போனேன். அன்று அவர் சப்பாத்துக்கு உறை போடவில்லை.

ஒரு நிமிடமும் ஆகவில்லை. குனிந்து, "நான் உங்களைத் தூக்கப்போகிறேன்" என்று மரியாதையாகச் சொல்லிவிட்டு, என் கணவரை ஒரு பிள்ளையைத் தூக்குவது போலத் தூக்கிக் கட்டிலில் கொண்டுபோய் வைத்தார். போர்வையால் மூடினார். பிறகு கெல்லரைப் பார்க்கிறேன் என்று தானாகவே கீழே போய்விட்டார். அவர் கீழே அவ்வளவு நேரம் நிற்கத் தேவையில்லை. நாங்கள் உடுத்து முடிக்கட்டும் என்றுதான் நின்றார் என்று நினைக்கிறேன்.

மேலே வந்து, கட்டிலறை வாசலில் நின்றுகொண்டு, எந்திரத்தில் பிழை ஒன்றும் இல்லை, இரண்டு பேர் சுருக்கமாகக் குளிக்கிற அளவுக்குத்தான் தாங்கி இருக்கிறது என்றார். மேலே ஒன்றும் கேட்கவில்லை. நான் வாயைத் திறக்கப் போனேன். என் கணவர் நல்ல கையை உயர்த்தி என்னை நிறுத்தினார். அகதி வீட்டில் மற்றவர்களுடைய கதையை அதிகாரிக்குச் சொல்லுகிற அதே குரலில், தெளிவாக, தன்னைப் பற்றி இல்லாமல் வேறு யாரையோ பற்றிச் சொல்லுவது போலச் சொன்னார்.

"என்னால் தனியாகக் குளிக்க முடியாது. என் மனைவி என்னைக் கழுவுகிறார். அதற்கு அரை மணித்தியாலம் வேண்டும். அன்று நான் சரியாகச் சொல்லவில்லை."

இதைத்தானே அவர் வாயில் இருந்து வரவேண்டும் என்று மன்றாடிக்கொண்டிருந்தேன். வந்தபோது என்னால் அங்கே நிற்க முடியவில்லை. அந்தச் சொல்லைத் திரும்ப அவர் வாய்க்குள் போட வழியிருந்தால் போட்டிருப்பேன்.

வந்தவர் தலையை மட்டும் ஆட்டினார். பெரியதை மாற்றிப் போடலாம் என்றார்.

அன்று பின்னேரமே என் கணவர் மகளுக்கு ரெலிபோன் எடுத்து எல்லாவற்றையும் சொன்னார். என்னை வெளியே போகச் சொல்லிவிட்டுச் சொன்னார். மகள் அழுதாளாம். அழுதாலும் அவள் கைகாரி. கிழமை முடிவதற்குள் பராமரிப்புச் சேவையில் ஆட்களைப் பிடித்துவிட்டாள். அவர் மறுப்பார் என்று நினைத்தேன். சரி என்றார். ஒரு தடவையில் சரி என்றார்.

பெரிய தாங்கி வந்தது. ஆழ்குளிர்ப் பெட்டியை ஆர்மோனியம் அண்ணை வந்து கொண்டுபோனார். கெல்லர் மூலை முழுக்க இப்போது அந்த வெள்ளை உருளைதான், கூரையைத் தொடுகிறது. காலையில் மணி அடித்ததும் பராமரிப்புச் சேவையில் இருந்து கையுறை போட்ட ஒரு பெண்பிள்ளை வருவாள். நல்ல பிள்ளை, சிரித்த முகம், பலமான கை. நான் கதவுக்கு வெளியே நிற்பேன். தண்ணீர் திறக்கிற சத்தம் கேட்கும். கொஞ்ச நேரத்தில் பூட்டுகிற சத்தமும் கேட்கும். அவளுக்கு எங்கள் வீட்டுக்குப் பிறகு இன்னும் வீடுகள் இருக்கின்றன, அவளைக் குறை சொல்லுவதற்கில்லை. அவர் துப்புரவாக வருவார். சட்டையும் போட்டுவிடுவாள், நான் அகலமாக்கிய சட்டை.

ஒரு நாள் அவள் போன பிறகு கேட்டேன். "தண்ணி சூடா இருந்ததோ?"

"நல்ல சூடு."

"கை இன்னும் இறுகித்தானே கிடக்கு. வாங்கோ, நான் கொஞ்சம் வார்த்து விடுறன். தண்ணி கனக்க இருக்கு."

அவர் என் முகத்தைப் பார்த்தார். கோபம் இல்லை, மனவருத்தம்கூட இல்லை.

"வேண்டாம்" என்றார். "உமக்கு ஏலாது."

நான் இரண்டாம் தடவை கேட்கவில்லை. மேலே போய்க் கதவைப் பூட்டிக்கொண்டு குழாயைத் திறந்தேன். தோளிலும் முதுகிலும் சூட்டுத் தண்ணீர் கொட்ட, அழுது முடியும்வரை நின்றேன். தண்ணீர் அதற்குப் பிறகும் சூடாகவே வந்துகொண்டிருந்தது.